இரவல் அட்டிகையும் பூந்திக்கொட்டைத் தண்ணீரும்

வீடு தேடிப் போய் நகை கழுவிக் கொடுக்கும் வேலைக்கு, நான் இருந்த கடையில் புதிதாக எட்டுப் பெண்களை எடுத்திருக்கிறார்களாம். போன வருஷம் ஓய்வு பெற்று வீட்டில் சும்மா இருந்த என்னைக் கூப்பிட்டு, அவர்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்றார்கள். முத்தை வெந்நீரில் போடாதே, வெள்ளியைப் பல்பொடியால் தேய்க்காதே என்றெல்லாம் நான் எழுதப் போவதில்லை. உங்களுக்குக் கொடுத்த கையேட்டில் அதெல்லாம் படம் போட்டே இருக்கிறது. இரண்டு வாரத்தில் உங்கள் கை தானாகப் பழகிவிடும். பழகாதது ஒன்று உண்டு, அது பயம். இருபத்திரண்டு வருஷம் ஊரார் நகையைத் தொட்டிருக்கிறேன். பயப்படாமல் ஒரு நாளும் தொட்டதில்லை.

பயப்படாதவர்களும் எங்களோடு இருந்தார்கள். அவர்களில் யாரும் இரண்டு வருஷம் தாண்டவில்லை. அதனால் பயத்தைப் பற்றி யாராவது உங்களைக் கேலி செய்தால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

நான் தேவிகுளத்துப் பக்கம் தேயிலை எஸ்டேட் கூலிக்காரர்களின் லயத்து வீட்டில் பிறந்தவள். எங்கள் அம்மாவிடம் இருந்த தங்கம் மூக்குத்தி மட்டும்தான். கல்யாணமாகிப் பாலக்காட்டுக்கு வந்து இந்தக் கடையில் சேர்ந்த பிறகுதான் நகை என்பதை நிதானமாகப் பார்த்தேன். சேர்ந்த முதல் மாதமே ஒரு டீச்சர் வீட்டில் பெரிய வெள்ளித் தட்டு ஒன்றைக் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போனார்கள். ஓரமெல்லாம் கறுப்பு ஏறிக் கிடந்தது. ஒரு மணி நேரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு தேய்த்தேன். கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. டீச்சர் வந்து பார்த்துவிட்டு, "இதுல இருந்த பூவெல்லாம் எங்கே?" என்று கேட்டார். செய்தவன் வேண்டுமென்றே பள்ளத்தில் கறுப்பு ஏற்றிப் பூ வரைந்திருக்கிறான். அதை அழுக்கு என்று நினைத்து நான் சுரண்டி எடுத்துவிட்டேன். டீச்சர் நல்லவர், கடைக்குப் புகார் சொல்லவில்லை. அவர் திட்டியிருந்தால் அன்றோடு போயிருக்கும். திட்டாததால் இன்றைக்கும் அந்தத் தெரு வழியாகப் போக எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

அது சின்ன விஷயம். நான் சொல்ல வந்தது பாலக்காட்டுப் பக்கம் முதலமடையில் நடந்தது. வீட்டுக்காரர்களின் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

மாம்பழ சீசன். வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. மாந்தோப்புக் குத்தகை எடுக்கும் ராவுத்தர் வீடு. மூத்த பெண் நஸீமாவுக்குக் கல்யாணம் முடிந்து இருபது நாள் ஆகியிருந்தது. கல்யாணத்துக்குப் போட்ட நகைகள், பன்னீர்ச் செம்பு, சந்தனக் கிண்ணம் எல்லாவற்றையும் கழுவித் துடைத்துப் பெட்டியில் வைக்கவேண்டும் என்று அம்மா மும்தாஜ் கடைக்குப் போன் செய்திருந்தார். தனியாகத்தான் போனேன். கூடத்தில் வெள்ளைத் துணியை விரித்து, ஊறவைத்த பூந்திக்கொட்டையைக் கசக்கி நுரை எடுத்து, அகலமான பாத்திரத்தில் இளஞ்சூட்டுத் தண்ணீரில் கலந்து வைத்துக்கொண்டேன்.

நகைகளில் ஒன்று அந்த வீட்டுச் சொந்தமில்லை. பழைய கெம்புக்கல் அட்டிகை. கழுத்தோடு ஒட்டிக் கிடக்கும் வகை. மும்தாஜின் கணவருக்கு அக்கா ஒருவர் உண்டு. நஸீமாவைத் தன் மகனுக்கே எடுத்திருக்கிறார். அப்படியென்றால் நஸீமாவுக்கு அத்தையும் அவர்தான், மாமியாரும் அவர்தான். மாமி என்று கூப்பிடுவாள். நிக்காஹ் அன்று பெண் போட்டுக்கொள்ளட்டும் என்று தன் அட்டிகையை இரவல் கொடுத்திருந்தார். நான் போயிருந்த அன்று சாயங்காலம் நான்கு மணிக்கு அதை வாங்கிக்கொள்ள வருவதாகச் சொல்லியிருந்தார்.

"ஏனுங் சேச்சி, அத மட்டும் நல்லாப் பண்ணிக் குடுத்துருங்க," என்றார் மும்தாஜ். கடைப் பெண்களை அங்கே எல்லோரும் சேச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். "இரவல் வாங்குன நகையக் கழுவாம திருப்பிக் குடுத்தா மரியாத இல்லீங்க. அதுலயும் அவிய ரொம்பப் பாப்பாங்க."

எவ்வளவு நுணுக்கமாகப் பார்ப்பார் என்பதையும் சொன்னார். முன்பு ஒரு விசேஷத்துக்கு அந்த அக்காவின் பன்னீர்ச் செம்பை வாங்கி வந்திருக்கிறார்கள். திருப்பிக் கொடுத்தபோது செம்பின் கழுத்தில் சின்ன நசுங்கல். அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இரண்டு வருஷம் இந்த வீட்டு வாசலை மட்டும் மிதிக்கவில்லை. மறுபடி போக்குவரத்து வந்ததே நஸீமாவைப் பெண் கேட்டுத்தான்.

அட்டிகையைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் முழுக்கத் தகடு அடைத்திருந்தது. இந்த மாதிரி நகையில் கல்லுக்கு அடியில் மெல்லிய பளபளப்புத் தாள் ஒன்று வைத்திருப்பார்கள். நாம் பார்க்கிற சிவப்பில் பாதி அந்தத் தாளின் வேலை. உள்ளே தண்ணீர் போனால் தாள் கெட்டு, கல் இருண்டுவிடும். உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி, மெல்லிய துணியால் துடைப்பதோடு நிறுத்திக்கொள்ளவேண்டும். எனக்கு இது தெரியும். தெரிந்துதான் அட்டிகையைத் துணியின் ஒரு மூலையில் ஒதுக்கி வைத்தேன். ஆனால் ஏன் ஒதுக்கினேன் என்று வாயைத் திறந்து சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிற மும்தாஜிடம், "இது தண்ணி படக்கூடாத நகைம்மா" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? எல்லாம் தெரிந்தவள் என்ற மிதப்பு. வேறொன்றுமில்லை.

மூன்று மணிவாக்கில் கடையிலிருந்து போன் வந்தது. அடுத்து எந்த வீடு, எத்தனை மணிக்கு என்று மேனேஜர் கேட்கிறார். வீட்டுக்குள் சிக்னல் விட்டுவிட்டு வந்தது. எழுந்து வாசலைத் தாண்டி, கூடை ஏற்றிக்கொண்டிருந்த லாரிக்குப் பக்கத்தில் நின்று பேசினேன். எட்டு நிமிஷம் இருக்கும். திரும்பி வந்தபோது துணியின் மூலை காலியாக இருந்தது.

"நீங்க வர்றதுக்குள்ள நானே போட்டுட்டனுங்க சேச்சி," என்று சிரித்தார் மும்தாஜ். "நல்லா ஊறட்டும், மணி ஆச்சில்ல."

அட்டிகை நுரைக்கு அடியில் கிடந்தது. வெளியே எடுத்தபோது பின் தகட்டின் ஓரத்திலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாக வந்துகொண்டே இருந்தது. வெளியே இவ்வளவு வந்தால் உள்ளே எவ்வளவு இருக்கும்? துடைத்தேன். மறுபடி துடைத்தேன். வேறு துணி எடுத்துத் துடைத்தேன்.

இதில் கொடுமை என்ன தெரியுமா? அட்டிகை அருமையாக இருந்தது. மேலே இருந்த எண்ணெய்ப் பிசுக்குப் போய், கல்லெல்லாம் மாதுளை முத்து மாதிரி சிவந்து மின்னியது. தண்ணீர் போன கல் உடனே கறுக்காது. ஒரு நாளோ மூன்று நாளோ எடுத்துக்கொள்ளும். மும்தாஜ் அதைப் பார்த்துவிட்டு, "அல்லாவே, புதுசாட்ட ஆயிருச்சு!" என்றார்.

அந்த நேரத்தில் என் மனசுக்குள் என்ன ஓடியது என்று உங்களிடம் மறைக்கப் போவதில்லை. நான்கு மணிக்கு அந்த அம்மா வருவார். மின்னுகிற அட்டிகையைப் பார்த்துச் சந்தோஷமாக வாங்கிப் பீரோவில் வைப்பார். அது கறுக்கும்போது நான் எங்கோ ஒரு வீட்டில் வளையல் தேய்த்துக்கொண்டிருப்பேன். இதை என்னோடு முடிச்சுப் போட யாராலும் முடியாது. தண்ணீரில் போட்டதும் நானில்லை. இப்படியெல்லாம் நினைத்துக்கொண்டே அட்டிகையைப் பெட்டியில் வைத்து மூடியும் விட்டேன். மூடிய பிறகு அதன் முன்னால் உட்கார முடியாமல் எழுந்துவிட்டேன்.

எங்கள் கடைப் பட்டறையில் ஒருவர் இருந்தார், கல் பதிப்பவர். இந்த வேலையில் எனக்குத் தெரிந்ததில் பாதி அவரிடம் வாங்கிய திட்டு. மறுபடி லாரிக்குப் பக்கத்தில் போய் நின்று அவருக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன்.

"சூடு காட்டீராத," என்றார் எடுத்த எடுப்பில். "வெயில்ல வெக்காத. தொடச்சுட்டு அரிசிக்குள்ள பொதச்சு வெச்சு எடுத்துட்டு வா."

"கறுக்குமாண்ணே?"

"கறுக்காம? கல்லக் கழட்டித் தாள மாத்தோணும்."

"இன்னும் அரை மணி நேரத்துல சொந்தக்காரங்க வாங்கிட்டுப் போக வந்துருவாங்கண்ணே. இப்ப பார்த்தா ஒண்ணும் தெரியல." என்ன அர்த்தத்தில் இதைச் சொன்னேன் என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

"கறுக்கறப்ப அது ஆரு ஊட்டுல இருக்கும்?" என்றார்.

"கல்யாணப் பொண்ணோட மாமியார் வீட்டுலண்ணே."

"அந்த ஊட்டுக்குப் புதுசாப் போனவ ஆரு?"

இவ்வளவுதான் கேட்டார். போனை வைத்துவிட்டார். லாரிக்காரன் ஒதுங்கி நிற்கச் சொன்னது காதில் விழுந்தும் நகராமல் நின்றேன். பீரோவில் வைத்த அட்டிகை மூன்று நாளில் கறுத்தால் அந்த வீட்டில் யாரைப் பார்ப்பார்கள்? இருபது நாளுக்கு முன்னால் வந்தவளைத்தானே? எடுத்துப் போட்டுப் பார்த்தாயா, சென்ட் அடித்தாயா என்று கேட்டால் அந்தப் பெண் என்ன சொல்வாள்? அவளுக்கு ஒன்றுமே தெரியாது. பன்னீர்ச் செம்புக்கு இரண்டு வருஷம் என்றால் இதற்கு எத்தனை வருஷம்?

உள்ளே போய் மும்தாஜிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகத்தில் ரத்தமே இல்லை. முதலில் நம்பவில்லை, பெட்டியைத் திறந்து பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சேச்சி, கெஞ்சிக் கேக்கறனுங்க. சொல்லீராதீங்க. இப்பத்தான் எல்லாஞ் சரியாயிருக்குது."

"சொல்லாம இருந்தா உங்க மக தலையிலதாம்மா விழும்."

"அவ ஒண்ணும் பண்ணலையே!"

"அதத்தாம்மா நானும் சொல்லுதேன்."

அவர் அழ ஆரம்பித்தபோது வாசலில் கார் வந்து நின்றது. நான்கு மணிகூட ஆகவில்லை. கஞ்சிக்கோட்டில் இருக்கும் மாமியார் வீட்டிலிருந்து மாமியும் நஸீமாவும் சேர்ந்தே வந்திருந்தார்கள். மும்தாஜ் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வாங்க வாங்க என்று ஓடினார்.

மாமி உயரமான மனுஷி. அதிகம் பேசுகிறவர் இல்லை என்று பார்த்தாலே தெரிந்தது. உட்கார்ந்தார், தேநீர் வந்தது, குடித்தார். நஸீமா அவர் நாற்காலிக்குப் பின்னாலேயே நின்றாள். தன் அம்மா வீட்டில் வந்து உட்காராமல் நிற்கிறாளே என்று எனக்குத் தோன்றியது. மாமி என் முன்னால் இருந்த பெட்டிகளைப் பார்த்து, "ஆச்சுங்களா?" என்றார். மும்தாஜ் என்னைப் பார்த்த பார்வையை என்னால் மறக்க முடியாது.

அட்டிகைப் பெட்டியை எடுத்து அவரிடமே நீட்டினேன். "திறந்து பாருங்கம்மா. இப்ப நல்லா இருக்கு. ஆனா நாளைக்கோ மறுநாளோ கல்லு கறுக்கும். உள்ள தண்ணி போயிருச்சு. கழுவக்கூடாத நகைன்னு எனக்குத் தெரியும். வீட்டுக்காரங்ககிட்ட சொல்லாம, பாத்திரத்த விட்டுட்டு எந்திரிச்சுப் போனது என் தப்பு. எங்கிட்டக் குடுங்க, தாள் மாத்தி, கல்லு ஒண்ணு குறையாம பழையபடி ஆக்கித் தரோம்."

மாமி பெட்டியைத் திறந்தார். அட்டிகையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். திருப்பினார். அவர் முகத்தில் ஒன்றுமே தெரியவில்லை. கோபப்பட்டுக் கத்தியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

"தண்ணியில போட்டது ஆரு?" என்றார்.

"பாத்திரத்த விட்டுட்டுப் போனது நாந்தாம்மா."

"அதச் சொல்லீட்டீங்க. போட்டது ஆருன்னு கேக்கறேன்."

நான் வாயை மூடிக்கொண்டேன். என் தப்பைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. அடுத்தவர் தப்பை அவர் வீட்டிலேயே வைத்துச் சொல்லிக் கொடுக்க எனக்கென்ன உரிமை? பொய் சொல்லவும் நாக்கு வரவில்லை. மும்தாஜ் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நாந்தான் போட்டேன் மாமி," என்றாள் நஸீமா.

மாமி மெதுவாகத் திரும்பிப் பார்த்தார். "நீ எங்கூடத்தான கண்ணு கார்ல வந்தே? கஞ்சிக்கோட்டுல இருந்துட்டே இங்க தண்ணியில போட்டியா?"

எழுதும்போது சிரிப்பாக இருக்கிறது. அன்று யாரும் சிரிக்கவில்லை. நஸீமா பயத்தில் யோசிக்காமல் சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவளுக்கே உறைத்தது. நின்ற இடத்திலேயே கண் நிறைந்துவிட்டது. "நானுங்க அக்கா, நாந்தான்," என்று மும்தாஜ் அழுதுகொண்டே முன்னால் வந்தார். "கழுவாம குடுத்தா நல்லாருக்காதுன்னு போட்டுட்டேன். அவள ஒண்ணுஞ் சொல்லீராதீங்க, அவளுக்கு ஒண்ணுந் தெரியாது."

மாமி அட்டிகையைப் பெட்டியில் வைத்தார். அதை அதற்குப் பிறகு அவர் பார்க்கவே இல்லை. நஸீமாவைப் பார்த்தார், மும்தாஜைப் பார்த்தார், கடைசியில் முன்பின் தெரியாத என்னைப் பார்த்துத்தான் கேட்டார்.

"எங்க ஊட்டுக்கு வந்து இருவது நாளாச்சுங்க. இவள நான் ஒரு வார்த்த ஏசுனதில்ல. நான் அவ்வளவு பொல்லாதவளாட்டவா இருக்கறேன்?"

இல்லையென்று ஒரு பேச்சுக்காவது மும்தாஜ் சொல்லியிருக்கலாம். சொல்ல வரவில்லை. நகைக்காக வாடாத மாமியின் முகம் அப்போதுதான் வாடியது. பெட்டியை என் பக்கம் தள்ளிவிட்டு எழுந்து, முகம் கழுவவேண்டும் என்று உள்ளே போனார். ரொம்ப நேரம் குழாய்ச் சத்தம் கேட்டது.

பட்டறைக்காரர் சொன்னபடியேதான் ஆயிற்று. மூன்றாம் நாள் ஏழு கல் கறுத்துப்போனது. அவர் என்னைத் திட்டிக்கொண்டே ஒவ்வொரு கல்லாகக் கழட்டித் தாள் மாற்றினார். மேனேஜர் என்னை அழைத்து ஒரு மணி நேரம் பேசினார். இரண்டு மாதம் வெளி வேலைக்கு அனுப்பவில்லை. அந்த இரண்டு மாதத்தில் எனக்கு வருத்தமில்லை. பெட்டியை மூடி வைத்த அந்தக் கொஞ்ச நேரத்துக்குத்தான் வருத்தம். உங்களுக்கும் அப்படி ஒரு நேரம் வரும், கட்டாயம் வரும். கெட்டுப்போனது இன்னும் வெளியே தெரியாது, கையில் பெட்டி மூடியிருக்கும், வாங்குகிறவர் வாசலில் நிற்பார். அப்போது எங்கள் பட்டறைக்காரர் கேட்டதைக் கேட்டுக்கொள்ளுங்கள். அது வெளியே தெரிகிற நேரத்தில் யார் கையில் இருக்கும்? பதில் சொல்ல வழியில்லாத ஒருவர் கையில்தான் பெரும்பாலும் இருக்கும்.

நகை தயாரானதும் கடையிலிருந்து போன் செய்தோம். மாமியே வந்தார், நஸீமாவையும் கூட்டிக்கொண்டு. அன்று நான் கவுன்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். என்னைப் பார்த்ததும் திரும்பிப் போய்விடுவாரோ என்று எனக்கு மறுபடி பயம் வந்தது. அவர் நேராக என்னிடமே வந்தார். அட்டிகையை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். தொடவில்லை. "நீயே பாரு," என்று நஸீமா பக்கம் நகர்த்தினார். அவள் தயங்கித் தயங்கி எடுத்துக் கல்லை எண்ணினாள். எண்ணி முடிக்கும்வரை மாமி காத்திருந்தார். அவளைப் பெட்டியை வாங்கிக்கொள்ளச் சொல்லிவிட்டு, என் பக்கமாகக் கொஞ்சம் குனிந்தார்.

"தண்ணியில எதப் போடலாம், எதப் போடக்கூடாதுன்னு நீங்களே இவளுக்குச் சொல்லிக் குடுத்துருங்க," என்றார். "நாஞ் சொன்னா இவளுக்கு மெரட்டறாப்பல இருக்குமாட்ட இருக்குது."